பிரேக்கில் ஏர் எடுக்க எந்த முறை நல்லது?

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிப் பக்கம் இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சில வருடங்களுக்கு முன் பாதிக்கு மேல் இறங்கியிருந்தபோது என் காரின் பிரேக் பெடல் மெத்தென்று கீழே போனது. இன்னொரு முறை மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது முறை தரையைத் தொட்டுவிட்டது. கியரை ஒன்றுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப் பக்கத்து மண்ணில் வண்டியைச் சேர்த்து நிறுத்தினேன். பின் சீட்டில் அம்மாவும் மகனும் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் விட்டிருந்தேன். "பிரேக் ஆயில் நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் பார்த்தது ஆயிலின் அளவை மட்டும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருந்தால் நல்ல ஆயில் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பிரேக் ஆயில் மாற்றுவதையும் ஏர் எடுப்பதையும், அதாவது பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதையும், நானே செய்கிறேன். என் வண்டி, மச்சானின் வண்டி, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி என்று பல முறை செய்ததில் ஏறக்குறைய எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்று. பெடல் சரியில்லை என்றதும் "ஏர் எடுத்தா சரியாயிடும்" என்று தொடங்குவது நம் ஊர் வழக்கம். பாதி நேரம் கோளாறு வேறு எங்கோ இருக்கும். பத்து நிமிடச் சோதனையிலேயே அது தெரிந்துவிடும்.

முதலில் பெடலைப் பேச விடுங்கள்

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கு அடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கல்லாகவே நின்றால் கோளாறு பூஸ்டரிலோ அதற்கு வரும் வாக்குவம் குழாயிலோதான். நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் அது தீராது.

அடுத்து, எஞ்சின் ஓடும்போதே பெடலை மிதமான அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். ஒரே இடத்தில் நிற்க வேண்டும். லிஃப்ட் இறங்குவது போல மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. நான்கு சக்கரத்தின் உட்புறமும், பின் டிரம்களின் அடியிலும், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்திலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. அந்த சீலையோ சிலிண்டரையோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெடல் எப்போதும் பஞ்சு மாதிரி இருந்து, இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் மேலே ஏறிக் கெட்டிப்பட்டால், அது லைனில் காற்று. பிடிக்கும் இடம் தாழ்வாக இருக்கிறது, ஆனால் அங்கே கெட்டியாக நிற்கிறது என்றால் முதலில் பின் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் இடைவெளியைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர்ச் சிறு கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு துருப்பிடித்து நின்றுவிட்டால் ஷூ டிரம்மைத் தொடுவதற்கே பெடல் பாதி தூரம் போக வேண்டியிருக்கும்.

மலையில் எனக்கு நடந்தது இந்த வகைகளில் எதிலும் சேராது. குளிர்ந்திருக்கும்போது பெடல் நன்றாக இருந்தது, சூடேறியதும் விழுந்தது, ஆறியதும் திரும்பி வந்தது. ஆயிலில் சேர்ந்திருந்த தண்ணீர், டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் கொதித்து ஆவியானதன் அடையாளம் அது. திரவத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்க முடியும். மிதிக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், பேடுக்குப் போய்ச் சேராது. இதையும் பேட் சூடாகிப் பிடிப்பு இழப்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பேட் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. ஆயில் கொதித்தால் பெடலே கீழே போகும். முதலாவதுக்கு மலையில் கியரைக் குறைத்து ஓட்டும் பழக்கமும் நல்ல பேடும் வேண்டும். இரண்டாவதுக்குப் புது ஆயில் வேண்டும்.

ஆக, ஏர் எடுக்கும் வேலைக்கு மூன்று காரணங்கள்தான்: ஆயில் பழசாகிவிட்டது, ஏதோ ஒரு பாகம் மாற்றியதில் லைனுக்குள் காற்று புகுந்தது, அல்லது பிரேக் ஆயில் டேங்க் காலியாகி மாஸ்டர் சிலிண்டரோ ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டோ காற்றை இழுத்துவிட்டது. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் காரணம் இவற்றில் எது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர், ஒரு பெடல்

ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். நம் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதுதான். நிப்பிளுக்கு (ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் இருக்கும் சிறு திருகு) சரியான ரிங் ஸ்பேனர், ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் டியூப், கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டில், இவ்வளவே செலவு. நானும் மகனும் செய்யும்போது அவன் பெடலை மெல்ல மிதித்து "பிடிச்சிருக்கேன்ப்பா" என்பான். நான் நிப்பிளைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திறப்பேன். ஆயிலும் குமிழும் டியூபில் வரும், பெடல் இறங்கும். அவன் காலை எடுக்கும் முன் நான் மூடிவிட வேண்டும். "விடு" என்று நான் சொன்ன பிறகுதான் அவன் காலை எடுப்பான். இந்த வார்த்தை ஒழுங்கு தவறினால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே போகும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே யார் எதைச் சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்புகளில் "நாலு அடி அடிச்சுப் பிடி" என்று படபடவென்று மிதிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகமாக மிதித்தால் பெரிய குமிழ் உடைந்து நுரையாகும். நுரை ஆயிலோடு ஒட்டிக்கொண்டு லேசில் வெளியே வராது. நிதானமாக ஒரே மிதி, ஒரு திறப்பு, ஒரு மூடல். அதுதான் சுத்தமாக எடுக்கும்.

இந்த முறையின் பெரிய ஆபத்து பழைய வண்டிகளில் இருக்கிறது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முன் பாதியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் உள்ள பகுதியில் வருடக்கணக்காக அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அமுக்கினால் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். "ஏர் எடுத்ததுக்கு அப்புறம்தான் பிரேக் இறங்க ஆரம்பிச்சுது" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெடலுக்கு அடியில் இரண்டு அங்குல மரக்கட்டையை வைத்துவிடுங்கள், பெடல் முழுதும் இறங்காது. பத்து வருடத்தைத் தாண்டிய வண்டியென்றால் கட்டை இல்லாமல் இந்த முறையில் இறங்கவே வேண்டாம்.

இதன் நன்மை எந்தக் கருவியிலும் கிடைக்காதது. வண்டி ஓடும்போது லைனில் என்ன அழுத்தம் வருமோ ஏறக்குறைய அதே வழியில்தான் ஆயில் நகர்கிறது. பெடலில் இருப்பவரின் கால் ஒவ்வொரு மிதியிலும் மாற்றத்தை உணரும். என் மகன் "இப்ப கெட்டியாயிடுச்சுப்பா" என்று சொல்லும் நேரமும் டியூபில் குமிழ் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

தனியாகச் செய்பவருக்கு

துணைக்கு ஆள் இல்லையென்றால் மூன்று வழிகள் உண்டு.

சும்மா திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது முதல் வழி. டேங்க் உயரத்தில் இருக்கிறது, நிப்பிள் தாழ்வாக இருக்கிறது, புவியீர்ப்பில் ஆயில் சொட்டும். ஒரு சக்கரத்துக்கே நீண்ட நேரம் ஆகும். மேல் நோக்கி வளையும் குழாய்களில் சிக்கிய குமிழ் இந்த மெல்லிய ஓட்டத்துக்கு அசையாது. வீல் சிலிண்டர் மாற்றிய பிறகு லைன் நிறைவதற்காக முதல் கட்டமாகச் செய்யலாம், அவ்வளவுதான்.

வாக்குவம் பம்ப் இரண்டாவது. நிப்பிளில் டியூபை மாட்டிக் கையால் பம்ப் அடித்து ஆயிலை உறிஞ்சி எடுப்பது. ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது, அதனால் எல்லோரும் முதலில் வாங்குவதும் இதைத்தான். நானும் இதைத்தான் வாங்கினேன். சிக்கல் என்னவென்றால், நிப்பிளைத் திறந்ததும் அதன் மரையைச் சுற்றி வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு டியூபில் குமிழாக வந்துகொண்டே இருக்கும். லைனிலிருந்து வருகிற காற்று எது, மரை வழியே வருகிற காற்று எது என்று பிரித்தறிய முடியாது. மரையைச் சுற்றிக் கிரீஸ் தடவினால் குறையும், முழுதாக நிற்காது. ஆயில் மாற்றுவதற்கும், டேங்கில் இருக்கும் கறுத்த ஆயிலை முதலில் உறிஞ்சி எடுப்பதற்கும் இது நல்ல கருவி. காற்று போய்விட்டதா என்று உறுதி சொல்ல இதை நம்ப முடியவில்லை.

மூன்றாவது பிரஷர் பாட்டில். டேங்க் மூடிக்குப் பதிலாக அதே அளவு மரையுள்ள அடாப்டரை மாட்டி, புது ஆயில் நிரப்பிய பாட்டிலிலிருந்து மேலிருந்து கீழே அழுத்தம் கொடுப்பது. பூச்சிமருந்து அடிக்கும் கைப்பம்ப் போல இருக்கும். 1 பார், அதாவது சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தம் பெரும்பாலான கார்களுக்குப் போதும். பிளாஸ்டிக் டேங்க் அதற்கு மேல் தாங்கும் என்று நினைக்காதீர்கள். இதில் பெடலைத் தொட வேண்டியதில்லை, அதனால் மாஸ்டர் சிலிண்டர் சீலுக்குக் கேடில்லை. டேங்க் வேலையின் நடுவில் காலியாகும் பயமும் குறைவு. ஒவ்வொரு சக்கரமாகப் போய் நிப்பிளைத் திறந்து, சுத்தமான ஆயில் வரும்வரை பார்த்து, மூடிக்கொண்டு வந்தால் போதும். குறை ஒன்றுதான்: அடாப்டர் வண்டிக்கு வண்டி மாறும். சரியாக உட்காராத அடாப்டரில் அழுத்தம் கொடுத்தால் ஆயில் எஞ்சின் அறை முழுக்கத் தெறிக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். அதனால் முதலில் பாட்டிலில் ஆயில் ஊற்றாமல் வெறும் காற்றால் அழுத்தம் கொடுத்து, ஐந்து நிமிடம் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். எங்காவது சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வீட்டில் இரண்டு கார் இருக்கிறது, வருடா வருடம் நானே செய்வேன் என்பவர் பிரஷர் பாட்டில் வாங்கினால் வீண் போகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்பவருக்குப் பெடல் முறையும் மரக்கட்டையும் போதும்.

சிரிஞ்சில் ஆயிலை நிப்பிள் வழியே கீழிருந்து மேலே தள்ளும் முறையும் உண்டு. காற்று மேலே போகத்தான் விரும்பும் என்பதால் கேட்கும்போது சரியாகத் தோன்றும். கிளட்ச் லைனுக்கும் பைக்குக்கும் அருமையாக வேலை செய்கிறது. காருக்கு நான் செய்ய மாட்டேன். காலிப்பரின் அடியில் படிந்திருக்கும் அழுக்கு நேராக ஏபிஎஸ் வால்வுகளுக்குள் போய்ச் சேரும்.

ஏபிஎஸ் வண்டி வேறு கதை

இந்தியாவில் ஏப்ரல் 2019 முதல் விற்கும் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஆகவே உங்கள் வண்டி அதற்குப் பிறகு வந்தது என்றால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஆயிலை மாற்ற மட்டும் செய்கிறீர்கள், டேங்கைக் காலியாக விடவில்லை என்றால் மேலே சொன்ன பெடல் முறையோ பிரஷர் முறையோ பெரும்பாலான கார்களுக்குப் போதும். ஏபிஎஸ் யூனிட்டையே கழற்றி மாட்டினாலோ டேங்க் வற்றி அதற்குள் காற்று போயிருந்தாலோ நிலைமை வேறு. அதனுள்ளே சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும் அறைகள் உண்டு. ஸ்கேனரை மாட்டி, வால்வுகளையும் பம்பையும் இயங்க வைத்தால்தான் அங்கே சிக்கிய காற்று வெளியே வரும்.

"காலி ரோட்டுல சடன் பிரேக் போட்டு ஏபிஎஸ்ஸை அடிக்க வை, அப்புறம் திரும்ப ஏர் எடு" என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். பிரேக்கில் காற்று இருக்கிறது என்று தெரிந்த வண்டியை வேகமாக ஓட்டிச் சோதிப்பது அது. ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குச் செலவு செய்து வண்டியைக் கட்டி இழுத்துப் போவது அதைவிட நல்லது. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கும் வண்டியும், மின்சார பூஸ்டர் உள்ள ஹைப்ரிட், மின்சாரக் கார்களும் இதே பட்டியல்தான். அவற்றைச் சர்வீஸ் நிலையில் வைக்காமல் தொடக்கூடாது.

எந்த ஆயில்

ஆயில் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர அது எண்ணெயே அல்ல. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ தவறி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் போகும். பிறகு சீல், ஹோஸ் அத்தனையும் மாற்ற வேண்டும்.

டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அது 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. என்னைப் போல மலை இறங்குபவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். வண்டியில் ஓடுவது எப்போதுமே கொஞ்சம் ஈரம் சேர்ந்த ஆயில்தான். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம், கலந்தாலும் ஒத்துப்போகும். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 ஊற்றுவது பின்னோக்கிப் போவது. டாட் 5.1 சமவெளியில் ஓடும் குடும்ப வண்டிக்குத் தேவையில்லை. டாட் 4-ஐ நேரத்துக்கு மாற்றினால் ஏற்காடும் ஊட்டியும் போய்வரலாம்.

டாட் 5 என்று வெறும் ஐந்து மட்டும் போட்டிருந்தால் அது சிலிக்கான் திரவம். 5.1-க்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ்ஸுக்கும் ஆகாது. கடையில் லேபிளை இரண்டு முறை படியுங்கள். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கேர்லிங் உட்பட நல்ல பெயருள்ள டாட் 4 எதுவும் சரிதான். சிறு காருக்கு ஒரு லிட்டர் முழு மாற்றத்துக்குப் போதும். சீல் பிரித்து வீட்டில் வைத்திருந்த பழைய பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். கடற்கரை ஊர்களின் காற்றில் அது வண்டி டேங்கைவிடச் சீக்கிரம் ஈரம் இழுத்திருக்கும்.

மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள நிறத்தை நம்ப வேண்டாம். தெளிவாக இருக்கும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். விளக்கு எரியும் பேனா டெஸ்டர் ஆயிலின் மின்கடத்தலை வைத்து ஈரத்தைக் கணக்கிடுகிறது. பிராண்டுக்குப் பிராண்டு அது மாறும் என்பதால் சிவப்பு எரிந்தால் மாற்றுங்கள், பச்சை எரிந்தால் அதையே சாட்சியாக வைக்காதீர்கள். டேங்கில் உள்ள ஆயில் காலிப்பரில் உள்ளதைவிட நல்ல நிலையிலும் இருக்கக்கூடும். சில ஒர்க்‌ஷாப்புகளில் ஆயிலை நிஜமாகவே சூடாக்கிக் கொதிநிலையைக் காட்டும் கருவி இருக்கிறது, அது சொல்வதை நம்பலாம். அது கிடைக்காதவருக்கு நாள்காட்டியே நல்ல கருவி. பல தயாரிப்பாளர்கள் சொல்வது இரண்டு ஆண்டு. உங்கள் மேனுவலில் உள்ளதைப் பாருங்கள்.

வேலையில் இறங்கும்போது

எந்தச் சக்கரம் முதலில் என்பதிலும் மேனுவலே பேச்சு. பழைய விதி மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது. நம் வலது ஸ்டியரிங் வண்டிகளில் அது பின் இடது. முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் லைன் குறுக்கே பிரிந்திருக்கும், ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரு ஜோடி. அவற்றில் வரிசை மாறலாம். பின்பாரத்தைப் பார்த்து அழுத்தத்தை மாற்றும் வால்வு இருந்தால் அதற்கே தனி நிப்பிள் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

நிப்பிள் உள்ளே ஓட்டையானது, துருப்பிடித்திருந்தால் கையோடு முறிந்து வரும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். திறக்க ரிங் ஸ்பேனர்தான், ஓப்பன் ஸ்பேனர் முனையை வழுக்கிவிடும். காலிப்பர் மாற்றிய வண்டியில் எத்தனை எடுத்தாலும் ஏர் தீரவில்லை என்றால் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே உட்கார்ந்திருக்கும். மச்சானின் வண்டியில் ஒரு முழு லிட்டர் ஆயில் இப்படித்தான் வீணாய்ப் போனது.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டேங்கைப் பார்த்து நிரப்புங்கள். வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கக்கூடாது, ஸ்டாண்டு போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் கை வையுங்கள். முடிந்ததும் எஞ்சின் நிறுத்திய நிலையில் ஒரு முறை, ஓடும் நிலையில் ஒரு முறை, முதலில் செய்த அதே பெடல் சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான்கு நிப்பிளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லை, பெடல் உயரத்திலேயே கெட்டியாக நிற்கிறது என்றால் வாசலிலேயே ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துங்கள். பிறகு தெருவில் இருபதில், அதன்பின் ஆள் இல்லாத சாலையில் நாற்பதில். ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். அன்று மாலை ஒருமுறை, மறுநாள் காலை குளிர்ந்த வண்டியில் ஒருமுறை டேங்க் அளவைப் பாருங்கள். அதுவரை மலைப் பக்கம் போக வேண்டாம்.